பால்சா இறக்கை வளைவது ஏன்?

கேள்வி: ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட மாதிரி விமானம் ஒன்றைப் பால்சா என்ற இலேசான மரத்தில் கட்டியுள்ளேன். கீழ்நோக்கிப் பாய்ந்து நிமிரும்போது இறக்கையின் நுனிகள் மேலே வளைகின்றன. இறக்கையின் நீளவாட்டில் மேலும் கீழுமாக ஓடும் இரண்டு ஸ்பார் குச்சிகளையும் தடிமனாக்கலாமா? தரையிறங்க வேகத்தைக் குறைத்தால் ஒரு நுனி சட்டெனச் சரிவதற்கும் இதுதான் காரணமா?

பதில்: குச்சிகளைத் தடிமனாக்கினால் எடைதான் கூடும். இறக்கை மேலே வளையும்போது மேல் ஸ்பார் அமுக்கப்படுகிறது, கீழ் ஸ்பார் இழுக்கப்படுகிறது. இரண்டையும் இணைக்க இடையில் எதுவும் இல்லாததால் அவை ஒன்றையொன்று தாங்காமல் தனித்தனியே வளைந்துகொடுக்கின்றன. ஒவ்வோர் இரு ரிப்களுக்கும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளுக்கும்) நடுவே, 1.5 மி.மீ. பால்சாத் தகட்டை இரு ஸ்பார்களின் பின்முகத்திலும் படியுமாறு ஒட்டிவிட்டால், அதே குச்சிகள் ஒரே உத்தரமாக வேலை செய்யும். ஷியர் வெப் எனப்படும் இத்தகட்டின் நார் ஓட்டம் கட்டாயம் மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். படுக்கை வாட்டில் வைத்தால், ஸ்பார்கள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும்போது தகடு நாரோடு பிளந்துவிடும். வளைவு விசை நடுவில்தான் மிகுதி என்பதால், அங்கிருந்து ஒவ்வொரு பக்க இறக்கையிலும் பாதி நீளம் வரை ஒட்டினால் போதும். இதற்காக இறக்கையைப் போர்த்தியிருக்கும், சூட்டில் இறுகும் படலத்தை அடிப்பக்கத்தில் ஒரு பட்டையாக வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். ஒட்டி முடித்த படலத்தில் கத்தி வைக்க யாருக்கும் மனம் வராதுதான், ஆனால் வேறு வழியில்லை. ஒரே அளவுள்ள இரண்டு பால்சாத் தகடுகளில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு எடையிருக்கக்கூடும் என்பதால், துண்டுகளை எடைபோட்டு, இரு பக்கமும் சம எடை வருமாறு பிரித்துக்கொள்ளுங்கள்.

நுனி சரிவது வேறு சங்கதி. வேகம் குறையும்போது இறக்கையின் நடுப்பகுதிக்கு முன்பே நுனி தூக்குவிசையை இழந்துவிடுகிறது. நுனியின் பின்விளிம்பைச் சற்றே உயர்த்தி முறுக்கினால், அங்கு காற்றைச் சந்திக்கும் கோணம் குறைந்து, நடுப்பகுதியே முதலில் தூக்குவிசையை இழக்கும். 2 டிகிரி முறுக்கு போதும். அதாவது, 22 செ.மீ. அகலமுள்ள நுனியில் பின்விளிம்பு ஏறத்தாழ 8 மி.மீ. உயர வேண்டும். வெட்டிய இடத்தில் புதுப் படலத்தை ஒட்டிய பிறகு, ஒருவர் இறக்கையை முறுக்கிப் பிடிக்க, மற்றவர் மேலும் கீழும் சூடான இஸ்திரியால் படலத்தை இறுக்க வேண்டும்; படலம் ஆறும்வரை பிடியைத் தளர்த்தக் கூடாது. பின்விளிம்பின் உயர்வு இரு நுனிகளிலும் சமமாக இருக்கிறதா என்று சமதளப் பலகையில் வைத்து அளந்துவிடுங்கள். சமமாக இல்லாவிட்டால் விமானம் நேராகப் பறக்காமல் ஒரு பக்கமாகவே உருளும்.