விலை மலிவான பழைய கார்: பேரத்துக்கு முன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: வயது 36. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 34,000 ரூபாய். அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி. ஆட்டோவில் ஏறி இறங்கவே சிரமப்படுகிறார். வங்கி டெபாசிட்டில் 2.5 லட்சம் இருக்கிறது, வேறு சேமிப்பு இல்லை. இரண்டு வண்டி பார்த்தேன். ஒன்று, பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் நிற்கும் 2012 ஐ10 (1.1 பெட்ரோல்). 62,000 கி.மீ., விலை 2.30 லட்சம், புதுசு மாதிரி பளபளக்கிறது. 1 லட்சத்துக்கு அவர்களே 11 சதவீத வட்டியில் 3 வருடக் கடன் ஏற்பாடு செய்கிறார்களாம். இன்னொன்று, ஓய்வுபெற்ற ஆசிரியரின் 2014 ஆல்ட்டோ 800. 78,000 கி.மீ., 1.45 லட்சம், பெயின்ட் மங்கல், பம்பரில் கீறல். வீட்டில் எல்லோரும் ஐ10 பக்கம். எதை வாங்கலாம்? இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரியாது.

பதில்: முதலில் அந்த 11 சதவீதத்தை முடித்துவிடுவோம். அது ஃப்ளாட் வட்டியா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். 1 லட்சத்துக்கு வருடம் 11,000, மூன்று வருடத்துக்கு 33,000. மொத்தம் 1,33,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை சுமார் 3,694. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 1 லட்சத்துக்கே ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி 19 சதவீதத்தைத் தாண்டிவிடும். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். டெபாசிட்டில் அதில் பாதி வட்டிகூட வராது. அந்தக் கடன் வேண்டாம்.

அதற்காக டெபாசிட்டை மொத்தமாக உடைக்கவும் வேண்டாம். அப்பாவுக்கு வைத்தியம் நடக்கிற வீட்டில் 75,000 ரூபாயாவது கை வைக்காமல் இருக்க வேண்டும். ஆக, உங்கள் கார் பட்ஜெட் 1.75 லட்சம். இது வண்டியின் விலை மட்டும் இல்லை. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், வாங்கிய மூன்று மாதத்துக்குள் வரும் செலவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பழைய கார் வாங்கும் பலர் கையில் இருப்பதையெல்லாம் விலையாகக் கொடுத்துவிட்டு, முதல் முறை கிளட்ச் போகும்போது நகைக்கடன் வாங்கப் போகிறார்கள்.

அந்தக் கணக்கில் ஐ10 இப்போதே வெளியே போய்விட்டது. இன்னொரு காரணமும் உண்டு. 2012 வண்டிக்கு 2027-இல் 15 வருடம் முடிகிறது. பதிவைப் புதுப்பிக்க மட்டும் 5,000 ரூபாய், அதற்கு மேல் பசுமை வரி. எஃப்.சி. காட்டும் தகுதிக்கு வண்டியைக் கொண்டுவர டிங்கரிங், லைட், பிரேக் என்று ஒரு தொகை. கன்சல்டிங்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆல்ட்டோவுக்கு 2029 வரை அவகாசம் இருக்கிறது.

அந்த 62,000 கி.மீ. விஷயமும் இருக்கிறது. மீட்டரைக் குறைத்துக் காட்டுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் மொழுமொழுவென்று இருந்தால் மீட்டர் சொல்வதை நம்பாதீர்கள். வண்டி கம்பெனி சர்வீஸுக்குப் போயிருந்தால் பதிவு எண்ணை வைத்துப் பழைய கிலோமீட்டரைக் கேட்டுப் பார்க்கலாம். இது வெறும் ஏமாற்று வேலை என்பதோடு நிற்பதில்லை. ஐ10 1.1, ஆல்ட்டோ 800 இரண்டின் இன்ஜினிலும் டைமிங் பெல்ட் இருக்கிறது, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் ரப்பர் பெல்ட் அது. குறிப்பிட்ட கிலோமீட்டரில் அதை மாற்ற வேண்டும். மீட்டர் பொய் சொன்னால் பெல்ட்டின் வயது யாருக்கும் தெரியாது. ஓடும்போது அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்து, ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அதற்கான பணத்தை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

சரி, ஆல்ட்டோவைப் பார்க்கப் போகலாம். என் முதல் காரை நான் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் பட்டென்று ஸ்டார்ட் ஆனது. அதிலேயே மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பானட் கதகதப்பாக இருந்ததைக் கை உணர்ந்தது, மண்டைக்கு ஏறவில்லை. விற்றவர் அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரிலிருந்து நீலப் புகை. எதிர்வீட்டு அம்மா காயப்போட்ட துணியை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இன்ஜின் ஆயில் எரிகிறது என்று மெக்கானிக் சொன்னார். வாங்கிய விலையில் நாலில் ஒரு பங்கு அந்த வேலைக்கே போனது.

அதனால் ஆசிரியரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: "சார், காலையில் ஏழு மணிக்கு வருகிறேன், அதற்கு முன் வண்டியை எடுக்க வேண்டாம்." போனதும் பானட்டைத் தொடுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ, ஹெட் கேஸ்கட் (ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் தகடு) போயிருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தாலும் அப்படித்தான். அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். காலைக் குளிரில் லேசான வெள்ளைப் புகை வந்து அடங்குவது சகஜம். அடங்காவிட்டாலோ, நீலமாக வந்தாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

மற்றதை ஒரு மெக்கானிக் பார்க்கட்டும். கையோடு கூட்டிப் போங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் 1,500 ரூபாய் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வண்டி கைமாறினால்தான் அவருக்குக் காசு என்றால் எல்லா வண்டியும் "சூப்பர் கண்டிஷன்" ஆகிவிடும். ஏ.சி. போட்டு இருபது நிமிடம் நெரிசலில் ஓட்டி, டெம்பரேச்சர் ஏறுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் டொக் டொக் என்கிறதா என்று அவர் பார்ப்பார். பானட் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் முன்பக்கம் அடிபட்டிருக்கலாம். அதைக் கேட்கச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டை நீங்களே கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 3418 என்றால் 2018-ஆம் வருடம் 34-ஆவது வாரம் செய்தது. டயரின் பட்டன் (மேலே இருக்கும் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை மாற்றத்தான் வேண்டும். பம்பர் கீறலும் மங்கிய பெயின்ட்டும் உங்களுக்கு லாபம். வண்டியைப் பளபளப்பாக்கி விற்கிறவர் அந்தச் செலவையும் உங்கள் தலையில்தான் வைப்பார்.

எல்லாம் சரியாக இருந்தால் என் கணக்கு இது: டைமிங் பெல்ட், ஆயில், ஃபில்டர், பிரேக் வேலைக்கு 12,000. டயர் நாலும் மாற்றினால் 13,000. பேட்டரிக்கு 4,000. இன்ஷூரன்ஸும் பெயர் மாற்றமும் சேர்த்து 10,000 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 39,000. 1.75 லட்சத்தில் இதைக் கழித்தால் 1.36 லட்சம் வருகிறது. 1.25-இல் பேச்சைத் தொடங்குங்கள். டயர் எண்ணையும் பெல்ட் பில் இல்லாததையும் காட்டிப் பேசினால், ஓய்வுபெற்ற ஆசிரியர் நியாயத்துக்குக் கட்டுப்படுவார் என்றே நினைக்கிறேன். 1.36-க்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். இன்னொரு ஆல்ட்டோ வரும்.

அட்வான்ஸுக்கு முன் எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு, உரிமையாளர் வரிசை, இன்ஷூரன்ஸ் தேதி, கட்டாத அபராதம் எல்லாம் பாருங்கள். ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் என்று வங்கிப் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆசிரியரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று அவர் சொன்னால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் எங்காவது இடித்தால், வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் கிடைக்காது. அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். மேலே போட்ட 10,000-இல் அதையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.