தம்பியின் மருந்துக்குப் பணம் திரட்ட எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி – பதில்

என் தம்பிக்கு 9 வயது, 20 கிலோ இருக்கிறான். வயிறு பானை மாதிரி உப்பியிருக்கும், அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். மலேரியா, பூச்சி என்று மருந்து வாங்கியே 2 வருடம் ஓடிவிட்டது. இப்போது காச்சர் நோயாக இருக்கும் என்று சொல்லி, எலும்பு மஜ்ஜைச் சோதனைத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஊரில் உண்டியல் வைக்கலாம், க்யூஆர் கோடு போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்கிறார்கள். எப்படித் தொடங்குவது?
— வாசகி, தங்கச்சிமடம்

உண்டியலை இப்போது எடுக்காதீர்கள். மஜ்ஜைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நிதியையும் கேட்க முடியாது. காச்சர் என்பது, ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் என்சைம் பிறவியிலேயே குறைந்திருப்பதால் வரும் மரபணு நோய். அதனால் ரத்தத்தில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற அந்த என்சைம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற சோதனையும், ஜிபிஏ மரபணுச் சோதனையும் வேண்டும். நோய் எந்த வகை என்பதும் எழுத்தில் வர வேண்டும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் காச்சரின் 1ஆம் வகையும், மூளை நரம்பு பெரிதாகப் பாதிக்கப்படாத 3ஆம் வகையும்தான் இடம்பெற்றிருக்கின்றன.

அந்தத் தாள்களோடு சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் கொள்கையின் கீழ் நிதி, அரிய நோய்களுக்கான சிறப்பு மையங்கள் வழியாகத்தான் வரும். தமிழ்நாட்டில் அது எழும்பூர். மருத்துவர்களே விண்ணப்பத்தைப் பதிவார்கள், பணமும் மருத்துவமனைக்கே போகும், உங்கள் கைக்கு வராது. முதலில் 20 லட்சமாக இருந்த உச்சவரம்பை 2022இல் 50 லட்சமாக உயர்த்தினார்கள். அது வருடா வருடம் கிடைக்கிற தொகை இல்லை. ஒரு நோயாளிக்கு மொத்தமே அவ்வளவுதான்.

இங்கேதான் பல குடும்பங்களின் கணக்கு தப்புகிறது. ஆபரேஷன் மாதிரி ஒருமுறை கட்டி முடிக்கிற பில் இல்லை இது. இமிகுளுசெரேஸ் என்ற என்சைமை 2 வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். மருத்துவர் கிலோவுக்கு 60 யூனிட் என்று எழுதினால், 20 கிலோவுக்கு 1,200 யூனிட். அதாவது 400 யூனிட் குப்பி 3. வருடத்துக்கு 26 தடவை, 78 குப்பி. பையன் வளர வளர மருந்தும் வளரும். 30 கிலோ ஆகும்போது 1,800 யூனிட், நாலரைக் குப்பி. திறந்த குப்பியை மிச்சம் வைக்க முடியாது என்பதால் ஒரு தடவை 4, அடுத்த தடவை 5 என்று மாற்றி ஏற்றச் சொல்லலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாதக் கணக்கு சரியாக இருந்தால் போதும். இதில் மட்டுமே மாதம் 1 குப்பி மிஞ்சும். இந்த மருந்துக்கு இருந்த 5% ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது. பழைய விலைப்பட்டியலைக் கொடுத்தால் புதியது கேட்டு வாங்குங்கள்.

மருந்து நின்றால் மண்ணீரல் திரும்ப வீங்கும், தட்டணுக்கள் திரும்பக் குறையும். அதனால் ‘3 கோடி வேண்டும்’ என்று ஊரை மலைக்க வைக்காமல், அடுத்த 6 மாதத்துக்கு என்ன குறைகிறது என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள். அரசுப் பணம் தாமதமானால் 2 தடவைக்கு ஆகும் மருந்து, சோதனைகள், சென்னைப் பயணம், தங்குமிடம். பெரிய பாரத்துக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. மருந்தைத் தயாரிக்கும் சனோஃபி நிறுவனம் 1999 முதல் இந்தியாவில் சில நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து தருகிறது. மருத்துவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், இடம் குறைவு, ஆனாலும் பெயரைப் பதிந்து வையுங்கள். காச்சர் போன்ற லைசோசோமல் நோய்கள் (என்சைம் குறைவால் செல்லுக்குள் கழிவு தேங்கும் நோய்கள்) உள்ளவர்களின் சங்கமான எல்எஸ்டிஎஸ்எஸ் வழிகாட்டும். பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கும் உங்கள் எம்.பி.யின் பரிந்துரைக் கடிதத்தோடு எழுதலாம். ஏற்கெனவே செலவழித்த பணத்தை அதில் திருப்பித் தர மாட்டார்கள், சிகிச்சைக்கு முன்பே போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள் (வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்). அட்மிஷன், ஸ்கேன் செலவுக்கு உதவும். என்சைமுக்கு அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

இதெல்லாம் நகர்ந்த பிறகு ஊரிடம் கேளுங்கள். மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் ஒரு மதிப்பீட்டுக் கடிதம் வாங்குங்கள்: நோயின் பெயர், மருத்துவமனைப் பதிவு எண், தம்பியின் எடை, மருந்தின் பெயர், ஒரு தடவைக்கு எத்தனை குப்பி, குப்பி விலை, 6 மாதச் செலவு, மருத்துவரின் கையெழுத்து, பதிவெண், முத்திரை, தேதி. எடை இல்லாத மதிப்பீட்டை யாரும் சரிபார்க்க முடியாது. வேண்டுகோளில் அந்தக் கடிதம் போதும். ஆதார், குடும்ப அட்டை, சட்டையில்லாமல் வயிற்றைக் காட்டும் படம் எதுவும் வேண்டாம். அந்தப் படம் அவன் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேரும்.

முடிந்தவரை மருத்துவமனையின் கணக்கு எண்ணையே போடுங்கள். வீட்டுக் கணக்கு தேவைப்பட்டால் அம்மா பெயரில் தனியாக ஒன்று, முழு கேஒய்சியோடு. முழு ஆவணம் தராமல் திறந்த சிறு கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பும் 50,000ஐத் தாண்டக் கூடாது; பணம் வரத் தொடங்கிய வாரத்திலேயே முடங்கிப் போகும். உங்கள் வேண்டுகோளை அப்படியே நகலெடுத்து க்யூஆரை மட்டும் மாற்றி அனுப்பும் கூட்டம் உண்டு. எனவே கணக்கில் வரும் பெயர் என்ன என்பதைப் படத்திலேயே பெரிதாக எழுதுங்கள். அப்படி மாற்றியது கண்ணில் பட்டால் உடனே 1930க்குப் புகார் செய்யுங்கள்.

உண்டியலை 2 பேர் சேர்ந்து எண்ணி, நோட்டில் எழுதி, அன்றைக்கே வங்கியில் கட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; கரையில் யார் கையிலும் காசு இருக்காது, அப்போது கேட்டால் கொடுக்க முடியாத வருத்தம் அவர்களுக்குத்தான். படகு இறங்கி ஒரு மாதம் போகட்டும்.

என் தங்கையின் சிகிச்சைக்கு துபாயில் இருக்கும் மச்சானும், பெரியம்மா மகனும், சிங்கப்பூர் நண்பர்களும் பணம் அனுப்பத் தயார். வரி, சட்டச் சிக்கல் வருமா?
— வாசகர், கீழக்கரை

அனுப்புகிறவர் யார், எந்தக் கணக்குக்கு அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்காகும். அக்கா வீட்டுக்காரர், மாமா, சித்தப்பா அனுப்பினால் வரிச் சட்டப்படி உறவு. பெரியம்மா மகன், நம் வழக்கத்தில் அண்ணனே ஆனாலும், சட்டத்தில் உறவில்லை. எனவே அவரும் நண்பர்களும் நேரே மருத்துவமனைக் கணக்கில் கட்டி ரசீது வாங்கட்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். அதிலும் அண்ணன், தம்பி போன்ற நெருங்கிய உறவினர் ஆண்டுக்கு 10 லட்சம் வரை அனுப்பலாம். அதைத் தாண்டினால் 3 மாதத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். குடியுரிமை மாறிய நண்பர்கள், வெளிநாட்டு நன்கொடை பெற அனுமதியுள்ள அறக்கட்டளை வழியாகக் கொடுப்பதே பாதுகாப்பு. வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் கைமாற்றும் ‘உண்டியல்’ (ஹவாலா) வழியில் அனுப்புவதை அடியோடு தவிருங்கள். வளைகுடா நலச் சங்கங்களிடம் கேட்கும்போது மதிப்பீட்டுக் கடிதத்தோடு ஜமாத் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அண்ணனுக்கு காச்சர். மற்ற பிள்ளைகளுக்கும் சோதனை செய்ய வேண்டுமா?
— வாசகி, தொண்டி

கட்டாயம். தாய், தகப்பன் இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. அண்ணனிடம் என்ன மாற்றம் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களிடம் அதை மட்டும் தேடினால் போதும், செலவு குறையும். அம்மா மறுபடி கருவுற்றால் 11ஆவது வாரத்துக்கு முன்பே மரபியல் மருத்துவரைப் பார்க்கட்டும்.

இனி ராமநாதபுரத்திலேயே மருந்தை ஏற்றலாம் என்கிறார்கள். குப்பிகளை மீன் ஐஸ் பெட்டியில் கொண்டுவரலாமா?
— வாசகர், மண்டபம்

தெர்மகோல் பெட்டி சரி, ஐஸ் கூடாது. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தால் புரதம் கெட்டுவிடும். உடைத்த ஐஸில் புதைத்தால் லேபிளும் ஊறிக் கழன்று, பேட்ச் எண் தெரியாமல் போகும். ஜெல் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மேலே வியர்க்கும்வரை வெளியில் வைத்து, துண்டில் சுற்றி ஓரத்தில் அடுக்குங்கள். குப்பி அட்டைப்பெட்டியோடு நடுவில் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு சின்னத் தெர்மாமீட்டர். வண்டியில் டிக்கியில் வைக்க வேண்டாம், மடியில் வையுங்கள். வழியில் உறைந்துவிட்டதாகவோ சூடேறிவிட்டதாகவோ சந்தேகம் வந்தால் ஏற்றவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். பேட்ச் எண்ணைச் சொல்லி, மருந்து கொடுத்த மருந்தகத்திடம் கேளுங்கள்.