காசு கட்டினால் யாரையும் எடுத்துக்கொள்ளும் திட்டம் வேண்டாம்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தையும் அதனுடன் நீங்கள் அனுப்பிய விளம்பரக் கையேட்டையும் படித்தேன். இரண்டாம் ஆண்டு உயிரியல் படிக்கும் உங்கள் மகள் நீண்ட விடுமுறையில் ஆறு வாரம் வெளிநாட்டுக்குப் போய்த் தன்னார்வப் பணி செய்ய விரும்புகிறாள். காலையில் குழந்தைகள் இல்லம், பிற்பகலில் மருத்துவ மையம். பத்து நாட்களுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்கிறார்கள். ‘அனுப்பலாமா, வேண்டாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் இந்தத் திட்டத்துக்கு வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் கையேட்டிலேயே இருக்கிறது. தங்குமிடத்தின் படங்கள் இருக்கின்றன. வார இறுதிச் சுற்றுலா பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. முடிவில் சான்றிதழ் உண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் கேட்டிருப்பவை பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், சட்டை அளவு, பணம் செலுத்தும் முறை, அவ்வளவுதான். என்ன படிக்கிறாய், என்ன வேலை தெரியும், அந்த ஊர் மொழியில் நாலு வார்த்தை பேச வருமா, குழந்தைகளோடு பழகிய அனுபவம் உண்டா என்று எதையும் கேட்கவில்லை. காவல்துறை நன்னடத்தைச் சான்றுகூடக் கேட்கவில்லை. குழந்தைகளோடு தங்கப்போகும் ஒருவரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் எடுத்துக்கொள்கிறவர்கள், உங்கள் மகளுக்கு முன் வந்தவர்களையும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது.

குழந்தைகள் இல்லத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனம் கொண்ட மாணவர்கள் முதலில் ஈர்க்கப்படுவது அங்கேதான். இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதைக் குழந்தை நல அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் அவர்கள் கொண்டுவரும் பணமும் பெருகும் இடங்களில், ‘படிக்க வைக்கிறோம்’ என்று ஏழைக் குடும்பங்களிடம் ஆசை காட்டிக் குழந்தைகளை அழைத்து வந்து இல்லங்களை நிரப்புகிறார்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இது ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களை நோக்கிய இந்தத் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் தீங்கையும் பேசியது. நேர்மையாக நடக்கும் இல்லத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறு வாரம் மடியில் உட்கார வைத்துக் கொஞ்சியவர் ஒருநாள் கிளம்பிப் போய்விடுகிறார். அடுத்த வாரம் இன்னொருவர் வருகிறார். ஒட்டி ஒட்டிப் பிரிந்தே பழகும் குழந்தைக்கு யாரையும் நம்ப முடியாமல் போகிறது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் புரிந்துகொள்வாள், உங்கள் கடிதத்தில் தெரியும் அவளுடைய இரக்கம் உண்மையானது.

மருத்துவ மையம் என்பது அவளுடைய எதிர்காலத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது. பின்னாளில் மருத்துவமோ பொதுச் சுகாதாரமோ படிக்கும் எண்ணம் இருப்பதால் இது கைகொடுக்கும் என்று அவள் நினைக்கிறாள். கையேட்டிலோ ‘ஊசி போடவும் காயத்துக்குத் தையல் போடவும் வாய்ப்பு’ என்று இருக்கிறது. பயிற்சியும் உரிமமும் இல்லாமல் தன் ஊரில் செய்ய அனுமதிக்கப்படாத எதையும் இன்னொரு நாட்டு ஏழை நோயாளியின் உடலில் செய்யக் கூடாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-ஆம் ஆண்டே இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தகுதிக்கு மீறிய சிகிச்சையில் ஈடுபடுவது நோயாளிக்கு ஆபத்து. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மாணவருக்கே எதிராகவும் திரும்பலாம். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் மருத்துவர்கள். பயிற்சி பெறாத ஒரு மாணவி நோயாளிக்குத் தையல் போட்டேன் என்று பெருமையாக எழுதினால் அவர்கள் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும்போது உடனிருந்து கவனிப்பது, பதிவேடுகளைச் சீர்செய்ய உதவுவது, சுகாதார விழிப்புணர்வுப் படங்கள் தயாரிப்பது ஆகியவை வேறு, அவற்றில் தவறில்லை.

உயிரியல் மாணவி என்பதால் வனவிலங்குத் திட்டங்களும் அவள் கண்ணில் படும். அங்கேயும் கவனம் தேவை. தென்னாப்பிரிக்காவில் ‘தாயை இழந்த சிங்கக்குட்டிகளுக்குப் பாலூட்டிக் காட்டுக்கு அனுப்புகிறோம்’ என்று சொல்லித் தன்னார்வலர்களிடம் பணம் வாங்கிய பண்ணைகள் பல இருந்தன. பெரும்பாலான குட்டிகள் தாயிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விடுவது நடவாத காரியம். வளர்ந்தபின் பல சிங்கங்கள் வேலிக்குள் விட்டுச் சுடும் வேட்டைக்கு விற்கப்பட்டன. விலங்கைத் தொட்டுக் கொஞ்சலாம், படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அழைக்கும் எந்த இடத்தையும் தள்ளிவிடுங்கள். தூரத்திலிருந்து கணக்கெடுக்க, விலங்குகளின் காலடித் தடங்களைப் பதிவு செய்ய, கடற்கரையில் ஆமை முட்டையிடும் இடங்களைக் குறித்துவைக்க ஆள் கேட்கும் ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. அலுப்பான வேலை. அவள் படிப்புக்குப் பொருத்தமான வேலையும் அதுதான்.

நல்ல திட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்ப்பது, அவர்கள் ஆளைத் தேர்வு செய்கிறார்களா என்பதைத்தான். ‘எங்களுக்கு இன்ன வேலை இருக்கிறது, அதற்கு இன்ன திறமை வேண்டும், உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேட்கிறார்களா? நேர்காணல் வைக்கிறார்களா? தகுதி போதாதென்றால் மறுக்கிறார்களா? மறுக்கத் தெரிந்த அமைப்பை நம்பலாம்.

ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. பொதுச்சபை 1970-இல் உருவாக்கிய இதன் தலைமையகம் இன்று ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ கட்டணமே கிடையாது. தேர்வானவர்களுக்கு மாதாந்திர வாழ்க்கைப்படியும் காப்பீடும் அவர்களே தருகிறார்கள். இளையோர் பிரிவில் 18 முதல் 26 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். இதன் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அது மோசடி என்று உடனே முடிவு செய்துவிடலாம். போட்டி கடுமை, முதல் முயற்சியிலேயே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அதே அமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்து இணையவழித் தன்னார்வப் பணியையும் நடத்துகிறது. மொழிபெயர்ப்பு, தரவு ஒழுங்குபடுத்தல், வடிவமைப்பு, ஆய்வுத் தொகுப்பு போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே, படிப்பு கெடாமல் செய்யலாம். உங்கள் மகள் இந்த மாதமே அதில் தொடங்கலாம் என்பது என் யோசனை. சொன்ன தேதிக்குள் வேலையை முடித்துக் கொடுக்கிறவள் என்று ஒரு வெளிநாட்டு அமைப்பு அவளைப் பற்றி எழுதித் தந்தால், அடுத்த ஆண்டு நேரில் போக விண்ணப்பிக்கும்போது அது நிச்சயம் பேசும்.

குறுகிய காலம் போதும் என்றால் பணி முகாம்கள் இருக்கின்றன. முதல் உலகப் போரில் நொறுங்கிப்போன, வெர்டன் நகருக்கு அருகிலுள்ள ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைக் கட்டியெழுப்ப 1920-இல் பல நாட்டு இளைஞர்கள் கூடினார்கள். போரில் எதிரெதிரே நின்ற நாடுகளைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரேசோல் தொடங்கிய அந்த முயற்சியே சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பாக வளர்ந்தது. இன்றும் இரண்டு மூன்று வார முகாம்களை நடத்துகிறார்கள். அங்கே பெரிய சாதனை எதையும் வாக்களிப்பதில்லை. பல நாட்டவரோடு ஒரே கூரையின் கீழ் தங்கி, சமைத்து, வேலை செய்து பழகலாம். முதல் பயணத்துக்கு இது நல்ல தேர்வு என்று நினைக்கிறேன். 1948-இல் தொடங்கிய, மாணவர்களே நடத்தும் ஐசெக் அமைப்பு ஆறு முதல் எட்டு வாரத் திட்டங்களை ஏற்பாடு செய்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு. அங்கே சேருமுன், அதே ஊரில் அதே பணிக்குப் போய்வந்த மாணவர் ஒருவரிடமாவது பேசிவிட வேண்டும்.

சில திட்டங்களில் குடியுரிமையும் வயதும் பார்ப்பார்கள். அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தன்னார்வத் திட்டமான பீஸ் கோர் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே; அதுவும் வழக்கமான பணிக்காலம் 27 மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இளையோர் தன்னார்வத் திட்டமான சாலிடாரிட்டி கோர் 18 முதல் 30 வயதினருக்குப் பயணச் செலவு, தங்குமிடம், உணவு, காப்பீடு, கைச்செலவுப் பணம் என எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒன்றிய நாடுகளையும் அதனோடு இணைந்த சில நாடுகளையும் சேர்ந்தவர்களே அதில் பங்கேற்க முடியும். எனவே எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் தகுதிப் பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

விசா விஷயத்தில் முகவர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ‘சுற்றுலா விசாவில் போனால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள்’ என்று பலர் சொல்வார்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான் என்பது பல நாடுகளின் சட்டம். தாய்லாந்தில் ஊதியமில்லாத தன்னார்வப் பணிக்கும் பணி அனுமதி கேட்கிறார்கள். பிரிட்டனில் பார்வையாளராகச் செல்பவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாட்கள் வரைதான் தன்னார்வப் பணி செய்யலாம். அதற்கு மேல் என்றால் தனி விசா வேண்டும். விதியை மீறி நாடு கடத்தப்பட்டால் வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் அதைச் சொல்ல வேண்டிவரலாம். மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தை நீங்களே திறந்து படியுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதைக் குறிப்பான கேள்விகளாக மாற்றிக்கொண்டால் பதில் கிடைக்கும். விமான நிலையத்தில் அவளை அழைத்துப்போக வருபவர் யார்? இரவு எங்கே தங்குகிறாள், அந்த அறைக்கு உள்ளிருந்து பூட்டு உண்டா, யாரோடு தங்குகிறாள்? நள்ளிரவில் அழைத்தால் எடுக்கும் எண் எது? யாராவது தவறாக நடந்தால் மேற்பார்வையாளரைத் தாண்டி யாரிடம் புகார் செய்வது? கடைசிக் கேள்விக்குத் தயக்கமில்லாமல் பதில் வரவேண்டும். மருத்துவக் காப்பீட்டில் அவசர நிலையில் வேறு ஊருக்கோ நாட்டுக்கோ நோயாளியைக் கொண்டுசெல்லும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத காப்பீடு மலிவாக இருக்கும், ஆபத்தில் உதவாது. தடுப்பூசிக்கும் முன்கூட்டியே நேரம் ஒதுக்குங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் செல்லுபடியாகும்.

கட்டணம் வாங்குவதாலேயே ஒரு திட்டம் மோசம் என்று சொல்லமாட்டேன். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் பயிற்சிக்கும் செலவு ஆகத்தான் செய்யும். அந்தப் பணத்தில் எவ்வளவு அந்த ஊர் அமைப்புக்குப் போகிறது, எவ்வளவு முகவரிடம் நிற்கிறது என்ற கணக்கைக் கேளுங்கள். விமான டிக்கெட், விசா, காப்பீடு, தடுப்பூசி இவையெல்லாம் பெரும்பாலும் கட்டணத்துக்கு வெளியே நிற்கும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடன் வாங்கி அனுப்ப வேண்டிய நிலை என்றால் இந்த ஆண்டு வேண்டாம். அதனால் அவளுடைய வாய்ப்பு எதுவும் குறைந்துவிடாது.

வேலைக்கு இது உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெளிநாடு போய்வந்ததற்காக மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். ‘ஆறு வாரம் வெளிநாட்டில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தேன்’ என்ற வரியை நேர்காணல் செய்பவர் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ‘பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றினேன், நான் கிளம்பிய பிறகும் அது தொடர, நூலகப் பொறுப்பாளருக்குப் பயிற்சி கொடுத்தேன்’ என்ற வரியில் நிற்பார். ‘பயிற்சி எப்படிக் கொடுத்தீர்கள், மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்று கேட்பார். அங்கிருந்து உரையாடல் வளரும். ஆகவே போகுமுன்னே, திரும்பும்போது கையில் என்ன முடிந்த வேலை இருக்கும் என்று அவள் அமைப்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பரிந்துரைக் கடிதத்தையும் கிளம்புவதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட வேண்டும். மாதங்கள் கழித்துக் கேட்டால் அவருக்கு முகம்கூட நினைவிருக்காது.

இப்போது அந்தப் பத்து நாள் கெடு. அதைக் கண்டு பதறாதீர்கள். உங்கள் மகளே இந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும்: ‘நான் செய்யப்போகும் பணி எது? அதை எனக்கு முன் செய்தவர் யார், அவரிடம் பேச முடியுமா? அந்த ஊரில் பணியைப் பொறுப்பேற்று நடத்தும் அமைப்பின் பெயர் என்ன? எந்த விசாவில் வரவேண்டும்? என் கட்டணத்தில் எவ்வளவு அவர்களுக்குப் போகிறது? குழந்தைகளோடு பணிபுரிபவர்களை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?’ நீங்கள் எழுதாமல் அவள் எழுதுவதுதான் நல்லது. வரும் பதிலைப் படித்து அவளே ஒரு முடிவுக்கு வருவாள். நீங்கள் தடுத்தீர்கள் என்ற மனக்குறையும் இருக்காது. பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். வந்ததும் எனக்கும் அனுப்பிவையுங்கள். பருவத் தேர்வு அட்டவணையையும், உதவித்தொகை பெறுகிறாள் என்றால் அதன் வருகைப்பதிவு விதிகளையும் அவள் எடுத்துக்கொண்டு வரட்டும். அடுத்த விடுமுறைக்குப் பொருந்தக்கூடிய இரண்டு மூன்று திட்டங்களை நாம் மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.