பெயரை மாற்றினால் படம் மாறாது

கேள்வி: சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறை எங்களுடையது. கேட்டலாக் போட ஐபோனில் படம் எடுத்துக் கும்பகோணத்தில் ஒரு பிரஸ்ஸுக்குக் கொடுத்தேன். ‘ஹெச்இஐசி ஃபைல், திறக்கவில்லை’ என்கிறார்கள். ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. இலவசமாக மாற்றித் தரும் ஒரு தளத்தில் போட்டால் நகாசு வேலையெல்லாம் மழுங்கி வருகிறது. பிஎன்ஜி என்ற இன்னொரு பட வகைக்கு மாற்றினால் துல்லியம் கூடுமா? ஆதார் அட்டைப் படத்தையும் அதே தளத்தில் மாற்றலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இந்தத் தளங்களில் பல, உங்கள் படத்தைத் தங்கள் சர்வருக்கு ஏற்றி, அங்கே மாற்றித்தான் திருப்பித் தருகின்றன. ‘சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம்’ என்று எழுதியிருப்பார்கள். அழித்தார்களா என்று யார் போய்ப் பார்ப்பது? விற்பனைக்கு வைத்த சிலையின் படம் என்றால் பரவாயில்லை. ஆதார், பட்டா, பாஸ்புக் எதையும் அங்கே போடாதீர்கள். பிரவுசருக்குள்ளேயே மாற்றித் தரும் தளங்களும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி: பக்கம் திறந்ததும் இன்டர்நெட்டை அணைத்துவிட்டு மாற்றிப் பாருங்கள். மாறினால் படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டுப் போகவில்லை.

சரி, சிலைக்கு வருவோம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற ஃபைல் வகையில் சேமிக்கிறது. ஜேபிஜியைவிட ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும், ஆனால் சில கம்ப்யூட்டர்களில் திறக்காது. பெயரை மாற்றுவது, பித்தளைப் பாத்திரத்தில் வெள்ளி என்று பொறிப்பது மாதிரி. உள்ளே இருப்பது அதேதான்.

நகாசு ஏன் மழுங்கியது? ஜேபிஜி படத்தை 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களாக வெட்டி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கத்தைக் கழித்துவிடுகிறது. தரத்தைக் குறைத்து வைத்தால் முதலில் போவது கிரீடத்தின் மணிகளும் இடுப்புப் பட்டையின் மெல்லிய கோடுகளும்தான். சேமித்ததைத் திறந்து மறுபடி ஜேபிஜியாகச் சேமித்தால் இன்னும் கொஞ்சம் போகும். வார்த்த சிலையிலிருந்தே அச்செடுத்து இன்னொன்று வார்த்தால் முகம் எப்படி மழுங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெழுகு உருவில் இருந்த கூர்மை திரும்பாது. மழுங்கின ஜேபிஜியைப் பிஎன்ஜி ஆக்கினாலும் அதே கதைதான். ஃபைலின் அளவு மட்டும் பெரிதாகும். பின்னணி இல்லாத படம் வேண்டுமென்றால் பிஎன்ஜி அவசியம், ஏனென்றால் ஜேபிஜியில் அந்த வசதி கிடையாது. பின்னணி வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஆகிவிடும்.

ஆகவே ஒரிஜினலிலிருந்து ஒரே ஒரு முறை மாற்றுங்கள். அதற்கு எந்தத் தளமும் வேண்டாம். போனில் ஐஓஎஸ் 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் படத்தை ‘ஃபைல்ஸ்’ ஆப்பில் சேமித்து, அழுத்திப் பிடியுங்கள். ‘குயிக் ஆக்‌ஷன்ஸ்’ என்பதில் ‘கன்வெர்ட் இமேஜ்’ இருக்கும். ஜேபிஜியைத் தேர்ந்தெடுத்து, அளவைக் குறைக்காமல் விடுங்கள். ஆதார் படத்துக்கும் இதே வழிதான். விண்ணப்பத்துக்காகக் கேபி குறைக்க வேண்டுமென்றால் விண்டோஸில் உள்ள பெயின்ட்டில் நீள அகலத்தைக் குறைத்துச் சேமித்தால் போதும்.

இனி எடுக்கும் படங்களுக்குச் செட்டிங்ஸில் ‘கேமரா’, அதில் ‘ஃபார்மட்ஸ்’, அதில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’. நேராக ஜேபிஜியாகவே எடுக்கும்.

அப்புறம், பிரஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களா? படமாக அனுப்பினால் அதுவும் தன் பங்குக்குச் சுருக்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 12 மெகாபிக்சல் படம் 4032-க்கு 3024 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் 13 அங்குலம் வரை தாங்கும், கேட்டலாக்குக்குத் தாராளம். ஆனால் டாக்குமென்ட்டாகப் போகும் படத்தோடு, லொகேஷன் ஆன் செய்து எடுத்திருந்தால், எடுத்த இடமும் சேர்ந்து போகும். லட்ச ரூபாய் சிலை எந்த வீட்டில் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டாமே. கேமராவுக்கு லொகேஷனை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.