தடுப்பு மருந்து விட்டும் வெள்ளைக்கழிச்சல் ஏன்?

கேள்வி: பள்ளத்தூர் பக்கம் 200 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். 7ஆம் நாளும் 28ஆம் நாளும் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு விட்டேன். நாலாவது வாரத்தில் குஞ்சுகள் வெள்ளையாகப் பீச்சின, தங்கள் ஆசனவாயைத் தாங்களே கொத்தின. பத்துப் பன்னிரண்டு செத்தன, மற்றவை ஒரு வாரத்தில் தேறின. இப்போது ஒன்பதாவது வாரம். வெள்ளைக்கழிச்சலில் 60 போய்விட்டது. மருந்து போலியா ஐயா?

பதில்: மருந்தைத் திட்டுவதற்கு முன் அந்த நாலாவது வாரத்தைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கம்போரோ என்ற வேறொரு வைரஸ் நோய்க்குப் பொருந்துகின்றன. டாக்டர் அறுத்துப் பார்த்த கோழியின் படம் அனுப்பியிருக்கிறீர்கள். ஆசனவாய்க்கு மேலே, முதுகுப் பக்கமாக, பர்சா என்ற சிறு பை இருக்கும். இந்த வயதில் அது கொழுகொழுவென்று இருக்க வேண்டும். உங்கள் கோழியில் சுண்டைவற்றல் மாதிரி சுருங்கிக் கிடக்கிறது.

கோழியின் பி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) அந்தப் பையில்தான் முதிர்கின்றன. கிருமியோ தடுப்பு மருந்தோ உள்ளே வந்தால், அதற்குப் பொருந்தும் பி செல்கள் பெருகி எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும். சில செல்கள் அந்தக் கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும். 'பி' என்ற எழுத்தே பர்சாவிலிருந்து வந்ததுதான். பர்சாவை நீக்கிய பெரும்பாலான கோழிகளில் எதிர்ப்புப் புரதம் உருவாகவில்லை என்று அமெரிக்காவில் புரூஸ் கிளிக் குழுவினர் 1956இல் எழுதினார்கள். (நமக்குப் பர்சா கிடையாது, எலும்பு மஜ்ஜைதான்.)

கம்போரோ வைரஸ் முதிராத பி செல்களையே தேடிப்பிடித்து அழிக்கிறது. 28ஆம் நாள் நீங்கள் விட்ட சொட்டு, அதை ஏற்க ஆள் இல்லாத நேரத்தில் போயிருக்கிறது. முதல் சொட்டு மட்டும் இத்தனை வாரம் தாங்காது. ஆனாலும் படத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். டாக்டர் மூலம் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிவிடுங்கள்.

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். இருக்கும் கோழிகளோடு புதுக் குஞ்சு விடாதீர்கள். அவை போனபின் பழைய கூளத்தை முழுக்க அள்ளிக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, கொட்டகையைச் சில வாரம் காலியாகப் போடுங்கள். கம்போரோ வைரஸ் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடக்கும்.

அடுத்த தொகுதிக்கு 7ஆம் நாள் லசோட்டா, 14இல் கம்போரோ தடுப்பு மருந்து, 21இல் மறுபடி லசோட்டா, 28இல் கம்போரோ. நாள் கணக்கை மட்டும் உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், காரைக்குடியிலிருந்து மருந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள்.