வேக அளவுகள் தெரியாமல் மரபணு வலையமைப்பை ஆராய முடியுமா?

எந்த மரபணு எதைத் தூண்டுகிறது, எதை அடக்குகிறது என்பது மட்டும் தெரியும், வினைவேகங்கள் தெரியாது. கணினியால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே உண்டு. பூலியன் மாதிரியில் தொடங்குங்கள்: இயங்கும் மரபணு 1, இயங்காதது 0.

ஒன்றையொன்று அடக்கும் இரண்டு மரபணுக்களைத் தாளிலேயே போட்டுப் பாருங்கள். 10 (முதலாவது இயங்குகிறது, இரண்டாவது இயங்கவில்லை) அப்படியே நிற்கும், 01-ம் அப்படித்தான். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் 00 என்பது 11 ஆகும், 11 மறுபடி 00 ஆகும். இந்த ஊசலாட்டத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் அது மறைந்து, 10 அல்லது 01-இல் போய் நின்றுவிடும். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

பெரிய உதாரணம், 2004-இல் வெளியான ஈஸ்ட் செல்சுழற்சி (செல் வளர்ந்து பிரியும் சுற்று) மாதிரி. வலையமைப்பில் 11 கணுக்கள் (உறுப்புகள்), ஒவ்வொன்றும் 0 அல்லது 1; எனவே 2048 நிலைகள். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தால் 7 நிலைப்புள்ளிகள், அதாவது அதன்பின் மாறாமல் நிற்கும் நிலைகள், கிடைக்கின்றன. 1764 நிலைகள் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. அது, செல் பிரியாமல் காத்திருக்கும் ஜி1 நிலை! ஒரு வேக அளவுகூடத் தராமல் கிடைத்த விடை இது.

நூறு மரபணுக்கள் என்றால் 2-இன் 100-ஆம் அடுக்கு; எண்ணிப் பார்ப்பது நடக்காது. அப்போது நிலைப்புள்ளிக்கான நிபந்தனைகளைத் தர்க்கச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைத் தீர்க்கும் மென்பொருளிடம் கொடுப்பார்கள்.

மூலக்கூறுகள் சொற்பமாக இருக்கும்போது எழும் தற்செயல் ஏற்ற இறக்கம்தான் உங்கள் கேள்வி என்றால் பூலியன் போதாது. வினைகளை ஒவ்வொன்றாகத் தற்செயல் முறையில் நிகழ்த்திப் பார்க்கும், இயற்பியலாளர் கில்லெஸ்பி 1977-இல் விவரித்த படிமுறை வேண்டும்; அதற்கு வேக அளவுகளும் வேண்டும்.