மசோதா சட்டசபையில், தீர்மானம் கிராம சபையில்: கேள்வி பதில்

ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிராம சபைத் தீர்மானப் பதிவேடு பல வருஷம் என் கையெழுத்தில்தான் ஓடியது. மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவரும்போது ஊராட்சி அதற்கு ஆதரவோ எதிர்ப்போ சொல்லலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி (வார்டு உறுப்பினர்): ஐயா, மசோதாவை எதிர்த்துக் கிராம சபையில் தீர்மானம் போட்டால் செல்லுமா? "அது உங்கள் வேலை இல்லை" என்று ஒரு அதிகாரி சொல்லிவிட்டார்.

பதில்: தாராளமாகப் போடலாம். 1994-ஆம் வருஷத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கிராம சபையின் வேலைகள் சிலவற்றைச் சொல்கிறது. மசோதாவைப் பற்றி ஊர் பேசக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் அந்தத் தீர்மானம் சட்டசபையைக் கட்டுப்படுத்தாது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு மீறியது என்று ஆட்சியர் நினைத்தால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் 202-ஆம் பிரிவின் கீழ் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் முடியும். அதனால் "இந்தச் சட்டம் எங்கள் ஊரில் செல்லாது" என்று எழுதாதீர்கள். "இந்தப் பிரிவை இப்படித் திருத்த அரசைக் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதுங்கள். கோரிக்கை வைப்பதில் வரம்பு மீற ஒன்றுமில்லை.

கேள்வி: கட்டுப்படுத்தாத தீர்மானத்தால் என்ன பயன், சார்? ஏகனாபுரத்தில் போடாத தீர்மானமா?

பதில்: நியாயமான கேள்வி. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022-இலிருந்து கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டார்கள். திட்டம் கைவிடப்படவில்லை, நில எடுப்பும் நடக்கிறது. அந்த மக்களின் வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அரிட்டாபட்டியில் வேறு மாதிரி நடந்தது. 2024 நவம்பரில் மேலூர் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டசபையே தனித் தீர்மானம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தார்கள். ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே அதைச் செய்துவிடவில்லை. ஆனால் முதல் மாதத்திலேயே தேதி போட்டு, கையெழுத்தோடு ஊரின் மறுப்பு பதிவாகிவிட்டது. "மக்கள் எதிர்க்கவில்லை" என்று யாரும் சொல்ல வழியில்லாமல் போனது.

அப்புறம், ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பலர் உதாரணம் காட்டுகிறீர்கள். 2013-இல் 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அங்கே காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் இருந்தது, உச்ச நீதிமன்றமே கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. மசோதா விஷயத்தில் நமக்கு அந்தப் பிடி இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவி): மசோதா வருவதே எங்களுக்குத் தெரிவதில்லை. தெரியும்போது சட்டமாகிவிடுகிறது. எப்போது போடுவது?

பதில்: அம்மா, சரியான இடத்தைத் தொட்டுவிட்டாய். 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகள் உள்ள நிலத்தைச் சிறப்புத் திட்டங்களுக்கு ஒருங்கிணைக்கும் மசோதா அன்று விவாதமே இல்லாமல் நிறைவேறியது. ஏரியும் ஓடையும் ஊராட்சியின் உயிர். அதைத் தொடும் சட்டத்துக்கு ஒரு ஊராட்சியிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதாவும் அதே நாளில்தான் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் உடனே எழுந்தன. மூன்றாம் நாளே அதை நிறுத்திவைத்தார்கள், மே 1-இல் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நில மசோதா நிற்கவில்லை. ஆனால் அதுவும் ஆளுநர் ஒப்புதலோடு சட்டமாக அரசிதழில் வந்தது ஆகஸ்டில்தான்.

நடுவில் மே 1-ஆம் தேதி கிராம சபை இருந்தது, பார். சட்டசபையில் நிறைவேறிய பிறகும் ஒப்புதலுக்கு முன் சில மாதம் கிடைக்கலாம். அதற்கப்புறம் விதிகள் வகுக்க வேண்டும், அங்கேயும் ஊர் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. அவசரம் என்றால் சிறப்புக் கிராம சபை கூட்டும்படி தலைவரிடம் எழுதிக் கேட்கலாம். ஆனால் தேதியை மட்டும் நம்பி இருக்காதே. 2020 அக்டோபர் 2 கிராம சபையை, மத்திய அரசின் வேளாண் சட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போட வேண்டும் என்ற பேச்சு ஊர் ஊராக நடந்த நேரத்தில், கொரோனாவைக் காரணம் காட்டி அரசு ரத்து செய்தது.

கேள்வி: செயலர் தீர்மானத்தை எழுத மறுக்கிறார். "கூட்டப்பொருளில் இல்லை" என்கிறார். என்ன செய்வது?

பதில்: கூட்டப்பொருள் மேலேயிருந்து வருகிறது, உண்மைதான். ஆனால் கடைசியில் "இதர பொருள்கள்" என்று ஒன்று இருக்கும். அதில் எழுதலாம். கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் மனுவாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் எழுந்து ஏரிக்கரையைப் பற்றி ஒரு கோரிக்கை வைத்தார். "எழுதிக்கிறேம்மா" என்றேன். கூட்டத்தைக் கவனிக்க வந்த அரசு அலுவலரான பற்றாளர், வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நானும் எழுதாமல் விட்டேன். அந்த அம்மா கடைசிவரை இருந்து, பதிவேட்டில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனார். தான் சொன்னது மேலே இருக்கிறது என்று நம்பித்தான் வைத்தார். அதனால் சொல்கிறேன்: தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசித் தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். வருகையையும் எண்ணுங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வேண்டும். குறைந்தால் தீர்மானம் நிற்காது.

கேள்வி: வாசகம் எப்படி இருக்க வேண்டும், அண்ணா?

பதில்: சின்னதாக. மசோதாவின் பெயர், எண், பிரிவு. அந்தப் பிரிவு உங்கள் ஊரில் எதைத் தொடுகிறது என்பதைச் சர்வே எண்ணோடு சொல்லுங்கள். "எங்கள் ஏரி இத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது. நீர்நிலைகளை இந்தப் பிரிவிலிருந்து விலக்க வேண்டும். கிராம சபையின் கருத்தைக் கேட்ட பின்பே எங்கள் நிலத்தைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்." இவ்வளவு போதும். "மக்கள் விரோத" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் திட்டினால் கோட்டையில் யாரும் படிக்க மாட்டார்கள். ஆதரிக்கிறீர்களா? அதையும் இப்படியே எழுதுங்கள். நல்ல மசோதாவுக்கு ஊர்கள் ஆதரவுத் தீர்மானம் போடுவதே இல்லை, அது பெரிய குறை.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் இப்போது தலைவரே இல்லை, தனி அலுவலர்தான். தீர்மானம் போட முடியுமா?

பதில்: 2025 ஜனவரி 5-ஓடு 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தது. போனது தலைவரும் உறுப்பினர்களும் கொண்ட ஊராட்சி மன்றம்தான். கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் உள்ள நீங்கள் எல்லோரும், அதற்குப் பதவிக்காலம் கிடையாது. தனி அலுவலர் கூட்டும் சபையிலும் எழுந்து நின்று கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் நகராட்சி. எங்களுக்கு?

பதில்: 2022-இல் விதிகள் வந்தபின், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா இருக்கிறது. அதில் பேசி, கவுன்சிலர் வழியாக நகர்மன்றத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: தீர்மானம் போட்ட பிறகு?

பதில்: சான்றொப்பமிட்ட நகல் வாங்குங்கள். துறைச் செயலர், சட்டசபைச் செயலர், உங்கள் தொகுதி எம்எல்ஏ, ஆட்சியர் என எல்லோருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். எம்எல்ஏவுக்கு மட்டும் தபாலோடு விட்டுவிடாமல் நாலு பேர் நேரில் போய்க் கொடுங்கள். இவர்களில் சட்டசபையில் அந்த மசோதா மேல் எழுந்து பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். அடுத்த கிராம சபையில் முதல் வேலையாக, போன தீர்மானத்துக்கு என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.